பின்பக்கம் வந்து பாருங்க

இதைப் படித்துவிட்டு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய் நஸ்ரியிடம் உண்மையா என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்வான். பயத்தினால் அல்ல, வெட்கத்தினால். ஆனால் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

உல்லாசப் படகுகளின் பேட்டரி, விளக்கு, படகுக்குப் படகு பேசும் ரேடியோ எல்லாவற்றையும் பழுது பார்ப்பது நஸ்ரியின் தொழில். அன்று கமாருல் என்பவரின் பாய்மரப் படகுக்கு வந்திருந்தான். கமாருல் மனைவியை இழந்தவர். படகிலேயே தனியாகக் குடியிருந்தார்.

"ரேடியோவுல ஏதோ சத்தம் வருது தம்பி. என்னன்னு பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

நஸ்ரி பேட்டரியை அளந்தான். சரியாக இருந்தது. ஆன்டெனா ஒயரின் முனையில்தான் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையைப் பற்றவைத்தான். ரேடியோவைப் போட்டான். கரகரப்பு இல்லை. வேலை முடிந்தது என்று நினைத்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அபாங்... கேக்குதா?"

ரேடியோவில் ஒரு பெண் குரல். அண்ணனையும் அபாங் என்பார்கள் அங்கே, கணவனையும் அபாங் என்பார்கள்.

நஸ்ரி சிரித்துக்கொண்டான். சோபியானின் வேலை இது. நஸ்ரியின் பட்டறையிலேயே வேலை செய்கிறவன், அன்று பக்கத்துப் படகுக்கு வேலைக்கு வந்திருந்தான். பொம்பளைக் குரலில் பேசுவதில் கெட்டிக்காரன். போன வாரம்தான் ரேடியோவில் இப்படிப் பேசி நஸ்ரியை ஏமாற்றியிருந்தான். டீக்கடையே சிரித்தது. இந்த முறை விடுவதாயில்லை.

மைக்கை எடுத்தான். "கேக்குதுடி செல்லம். எங்க இருக்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"பக்கத்துலதான்... பின்பக்கம் வந்து பாருங்க..."

"ஏன், உனக்குக் கால் இல்லையா?"

"கால் அசையல, அபாங்..."

"அப்ப நொண்டிக்கிட்டே ஏறி வா, கழுத."

குரல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. ஈர மூச்சு. பிறகு மெல்ல...

"வரட்டுமா?"

"வா வா. யாரு வேணாங்கிறா?"

படகில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். தண்ணீரிலிருந்து ஏறும் பின்னேணியில் யாராவது கால் வைத்தால் படகு அந்தப் பக்கம் ஒரு துளி தாழும்.

தாழ்ந்தது.

மேசைமேல் கிடந்த ஸ்குரூ டிரைவர் பின்பக்கம் பார்த்து உருண்டது.

"வந்துட்டியா, நாயே," என்று சொல்லிக்கொண்டே நஸ்ரி சன்னல் வழியாகப் பார்த்தான். ஏணி அந்தச் சன்னலுக்குத் தெரியாது. படகுத்துறைதான் தெரிந்தது.

துறையின் கூரைக்கு அடியில் சோபியான் உட்கார்ந்திருந்தான். மடியில் நாசி லெமாக் பொட்டலம். கையெல்லாம் சோறு. பக்கத்தில் ரேடியோ எதுவும் இல்லை.

படகு மறுபடி தாழ்ந்தது.

ஏணி கிறீச்சிட்டது.

மழைக்கு நடுவே தனியாக ஒரு சொட்டு... டப்... டப்...

ரேடியோவில் குரல், மிக அருகில்.

"அபாங்... கை குடுங்க..."

நஸ்ரி கொடுக்கவில்லை.

படகின் முன்பக்க வாசல் மூடியைத் தள்ளித் துறைமேல் குதித்தான். ஓடினான்.

"எங்கடா ஓடுற, செருப்பக்கூட விட்டுட்டு?" என்றான் சோபியான்.

"மழைடா."

அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் போய்விட்டிருந்தது. இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது. கால் அசையவில்லை என்று சொன்னவளைக் கழுதை என்றான். வா என்று கூப்பிட்டான். பேயோ மனுஷியோ, கை கேட்டபோது விட்டுவிட்டு ஓடினான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு நாள் கழித்துக் கருவிப் பெட்டியை எடுக்கப் போனான். கமாருல் பெட்டியைத் துறையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார். தூங்காத கண்கள்.

"ரேடியோ நல்லாருக்கு என்சிக்," என்றான் நஸ்ரி, அவரைப் பார்க்காமல். ஐயா என்பதற்கு அங்கே என்சிக்.

"யாராவது கூப்பிட்டாங்களா?"

நஸ்ரி பெட்டியைத் திறந்து கருவிகளை எண்ணினான்.

"என் சம்சாரம் ரொஹானி," என்றார் அவர். "போன மழைக் காலம். ரப்பர் படகுல வந்து ஏறப்போனவ தண்ணில விழுந்துட்டா. ரெண்டு படகுக்கும் நடுவுல மாட்டிக் கால் முறிஞ்சுபோச்சு. கையில சின்ன ரேடியோ இருந்துச்சு. அதுல கூப்பிட்டிருக்கா. நான் உள்ள உக்காந்து பந்து மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன். தொந்தரவா இருக்குன்னு ரேடியோ சத்தத்தக் குறைச்சு வெச்சிருந்தேன். காலைல பாத்தா ஏணியோட கடைசிப் படியக் கெட்டியாப் புடிச்சபடி இருந்தா. உயிர் இல்ல."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"எனக்கு அவ குரல் கேக்கறதில்ல. பழுது பாக்க வந்தவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. யாரும் பதில் பேசல. ஓடிட்டாங்க. நீ பேசினியா?"

"பேசினேன்."

"என்ன சொன்ன?"

"ஏறி வான்னு சொன்னேன். கிண்டலா."

கமாருல் கோபப்படவில்லை. படகைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்துட்டா. அன்னிலருந்து மெத்தையில அவ பக்கம் ஈரமா இருக்கு. ராத்திரி முழுக்க முதுகுல குளிர்ந்த மூச்சு படுது. நான் சுவரப் பாத்தே படுத்திருக்கேன். திரும்பல."

"பயமா இருக்கா, என்சிக்?"

"பயம் இல்ல தம்பி. அவ மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு."