திரும்பிப் பார்க்காமல் நடந்த நாள்

கிரேக்க நாட்டுப் பாதாள லோகத்தின் வாசல் பூந்தமல்லியில் இருக்கிறது என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். பழி முழுவதும் என் மாமாவைத்தான் சேரும்.

அவர் அம்மாவின் தம்பி. அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி இருந்த குடும்ப நிலமெல்லாம் வீட்டு மனையாகிவிட்ட பிறகு, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். மிச்ச நேரமெல்லாம் செல்போனில் ஒரு விளையாட்டு. அதில் கிரேக்கச் சாமிகள் இடி, நெருப்பு, சூலம் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும். அப்படி அவர் சம்பாதித்த ஞானம் அத்தனையும் என் தலையில்தான் இறங்கியது.

அந்த வருஷம் அம்மாவைப் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்து, பிளாஸ்க்கையும் என்னையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். சின்னப் பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். அப்பா பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போக, நானும் மாமாவும் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்போம். கேட்டில் ஒரு வாட்ச்மேன் தாத்தா இருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் மூன்று தெருநாய்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று சொல்ல முடியாது.

அதைப் பார்த்துத்தான் மாமாவுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது.

"பாதாளத்து வாசல்லயும் இதே மாரி ஒரு நாய் கீது. ஒரே ஒடம்பு, மூணு தலை. உள்ள போறவன வுட்ரும், வெளிய வர்றவன வுடாது. அங்க ஹேடிஸ்னு ஒரு ராஜா."

ஆர்ஃபியஸ் என்று ஒரு பாட்டுக்காரன். அவன் மனைவியைப் பாம்பு கடித்து, அவள் பாதாளத்துக்குப் போய்விடுகிறாள். அவன் யாழை மீட்டிப் பாடிக்கொண்டே கீழே இறங்கிப் போகிறான். நாய் சொக்கிப்போய்ப் படுத்துவிடுகிறது. ராஜா அழுதே விடுகிறார். சரி, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி ஒரே ஒரு கண்டிஷன் போடுகிறார்.

"நீ முன்னால நட, அவ பின்னால வருவா. வெளிய போற வரிக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தே, அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்பால இன்னா, வாசலாண்ட வந்து திரும்பிட்டான். அவ பூட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லூசா மாமா அவன்?" என்று கத்தினேன். மாமா அது லவ்வு என்றார். அவ்வளவு லவ்வு இருக்கிறவன் நான்கு அடி பொறுக்கக் கூடாதா? உட்கார முடியாமல் வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். அப்பாவுக்குப் பாட வராது என்பது வேறு கவலையாக இருந்தது. குளிக்கும்போதுகூட ஒரு பாட்டை முனகாத மனிதர்.

பாடாமலே பத்தாம் நாள் அம்மாவை விட்டுவிட்டார்கள். "ஓடு ராஜாத்தி, அம்மாவ இட்டுகினு வா" என்று வாட்ச்மேன் தாத்தா அன்று என்னையும் மேலே அனுப்பினார். அம்மா இளைத்து, கட்டிலின் ஓரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"மக்களே, இங்கேருந்து எறங்கும்போ யார்கிட்டயும் போயிட்டு வாரேன்னு சொல்லப்பிடாது, கேட்டியா?"

இது எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லி யாரும் வாசலைத் தாண்டிவிட முடியாது. அம்மா திரும்பக் கூப்பிட்டு, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அதைச் சொல்லக் கூடாதாம். சரி என்று தலையாட்டினேன். ஆனால் என் கவனமெல்லாம் மாமா சொன்ன கண்டிஷனில் இருந்தது. ஆட்டோ பிடிக்க மாமா முன்னதாகவே போய்விட்டார். பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் அம்மா, அவளைப் பிடித்துக்கொண்டு அப்பா.

திரும்பவே இல்லை. படியில், மருந்துக்கடை முன்னால், எங்கேயும் திரும்பவில்லை. அம்மாவின் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க நேராகப் பார்த்து நடந்தேன். கேட் வந்தது. நாய்கள் தூங்கின. ஆர்ஃபியஸ் கோட்டைவிட்ட இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் வாட்ச்மேன் தாத்தா எழுந்து எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"கெளம்பிட்டியா, ராஜாத்தி?"

"போயிட்டு வரேன், தாத்தா!"

கணீரென்று சொன்னேன். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. சொன்ன மறுகணம் பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது. ஆட்டோவில் ஏறி அம்மாவின் மடியில் தலை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. பள்ளிக்கூடம் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே இருந்ததால், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவேன். ஜன்னல் வழியாக அம்மா இருக்கிறாளா என்று பார்ப்பேன். தூங்கினால் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்பேன்.

"ஏண்டி என்னையே சுத்திச் சுத்தி வர? நான் எங்க போயிடப் போறேன்?" என்று அம்மா ஒருநாள் சிரித்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

கடைசியில் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

"வா. போயி வாபஸ் வாங்கிக்கினு வந்துடலாம்."

பருத்திப்பட்டு வழியாக வண்டியில் கூட்டிப்போனார். எனக்காகவே அவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். கேட்டில் இறக்கிவிட்டு, "நீ தாத்தாவாண்ட பேசிக்கினு இரு, எனக்கு உள்ள ஒரு வேல கீது" என்று போய்விட்டார்.

"தாத்தா, அன்னிக்கு நான் போயிட்டு வரேன்னு சொன்னேன்ல? அத திருப்பிக் குடுத்துடுங்க."

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். மூடிய கையை என் உள்ளங்கைமேல் வைத்துத் திறந்தார்.

"இந்தா. பத்திரமா வெச்சிக்கோ. யாராண்டயும் குட்த்துடாத."

ஒன்றுமில்லாத அந்தக் கையை மூடிக் கவுன் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். மாமா ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன். வண்டி நிறுத்திய சீட்டு என்றார். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தே நாளில் அம்மா பையில் துணி எடுத்து வைத்தாள். வாட்ச்மேன் தாத்தா ஏமாற்றிவிட்டார் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி, மூக்கைத் துடைத்துவிட்டு, வாசலில் நின்று அழுத்தமாகச் சொன்னாள்: "போயிட்டு வரேன்." அப்படி ஆறு தடவை சொல்லிவிட்டுப் போனாள். தலைமுடி கொட்டி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆறு தடவையும் வந்தாள்.

அப்பா ஓய்வு பெற்று நாங்கள் ஐயப்பன்தாங்கலுக்குக் குடிவந்தபோது, சாமான்களுக்கு நடுவே அந்த ஆஸ்பத்திரி பைல் கிடைத்தது. வண்டி நிறுத்திய சீட்டு என்று மாமா சொன்ன காகிதமும் அதில் இருந்தது; அது கட்டியின் பரிசோதனை ரிப்போர்ட். அம்மா அடுத்த அறையில் அலமாரியை இங்கே போடு அங்கே போடு என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். முதல் தடவை அம்மாவை வீட்டுக்கு அனுப்பியபோது அப்பாவிடம் கொடுத்த சீட்டை விரித்துப் பார்த்தேன். சட்டைப்பைக்குப் பொருந்துகிற மாதிரி நான்காக மடித்த தடம் அதில் இருந்தது. அடியில், மறுபடி எப்போது வந்து சேர வேண்டும் என்று டாக்டர் தேதி எழுதியிருந்தார்.

அந்தத் தேதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அப்பா, போயிட்டு வரேன்னு சொல்லிவிடாதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரும் என்னைப்போலவே பயந்துபோயிருந்தார். அன்று கேட்டில் நான் ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால், அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.