ஜரிகை வெளிச்சம்

என் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. பேச்சைக் கேட்டால் மட்டும் நேற்றுத்தான் சினிமா ஷூட்டிங் முடித்து வந்தவர் மாதிரி இருக்கும். "பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அப்பதான் மூஞ்சில ஒரு மூடு வரும்" என்பார். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு அதெல்லாம் வேதவாக்கு.

அப்போது அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இடது கன்னத்தில் காதிலிருந்து உதடு வரை வெண்புள்ளி படர்ந்திருந்தது. போட்டோ வாங்கிப் போனவர்கள் யாரும் பதில் சொன்னதில்லை. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வீடியோ அனுப்பச் சொன்னதும் அம்மா மாமாவைத்தான் கூப்பிட்டாள்.

மாமா ஒரே ஒரு ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் சாத்தினார். அக்காவைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, இடது கன்னத்தை இருட்டுக்குள் விட்டார். தரையில் விழுந்த வெயிலில் அம்மாவின் கல்யாணப் புடவை முந்தானையை என்னை விரித்துப் பிடிக்கச் சொன்னார். அடேயப்பா! ஜரிகையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அக்காவின் வலது கன்னத்தில் பொன்னாக விழுந்தது.

"ஆட்டிக்கினே இருக்காதடி, மூஞ்சில வெளிச்சம் அலையுது பாரு!"

கை கடுக்கக் கடுக்க நின்றேன். அக்காவை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. அம்மா போனில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அழுதாள்.

வீடியோ பிடித்துப்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு அவர்கள் வந்தார்கள். பட்டப்பகல். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவளையே பார்த்தார். "வீடியோல பாத்த பொண்ணு இவங்கதானாம்மா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரிமா, ஊருக்குப் போய்ட்டு போன் பண்றோம்."

காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள். மாமா தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் ஆறிப்போன தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"அடுத்த தடவ நேரா உக்கார வெச்சு எடு மாமா. ரெண்டு கன்னமும் தெரியட்டும்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ அக்காமேல் ஒரே கோபம். அத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைப் போய்க் குறை சொல்கிறாளே, இவளுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.