அழிக்கவா என்று கேட்ட பெட்டி

மூன்று வருஷத்துக்கு முன்பு, சம்பா நடவு முடிந்த கையோடு நடந்தது இது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் பதினாலு வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை. குத்தகை நிலத்தையும் மகளையும் பார்த்துக்கொண்டு நான் இங்கே இருந்தேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். புது ஆள் முன்னால் எனக்கு வாய் வராது.

ஒரு லீவில் வந்தபோது அவர் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி கொண்டுவந்து வைஃபையோடு இணைத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு டிஸ்க். என் போனில் எடுக்கிற போட்டோ, வீடியோ எல்லாம் தானாக அதில் போய்ச் சேரும். மகள் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியது, அவளுடைய சடங்கு, வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயல் முழுகியது, எல்லாம் அவர் நேரில் பார்க்காதவை. இடம் போதவில்லை என்று போனில் இருந்ததை அவ்வப்போது அழித்துவிடுவேன். அந்தப் பெட்டியை விட்டால் வேறு எங்கும் அவை கிடையாது.

வர வர, அதில் ஒரு வீடியோ திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். பொங்கலுக்கு ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தவர், "வந்ததும் டிவில போட்டு மொதல்லேருந்து பாக்கணும். நான் விட்டதெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். வேகமான புதுப் பெட்டி ஒன்றை ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினார். அதில் டிஸ்க் கிடையாது.

மாட்டிக்கொடுக்க டவுனிலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"புது டிஸ்க்கெல்லாம் எதுக்குக்கா? பழசுல இருக்கறதைக் கழட்டி இதுல மாட்டுனா அப்படியே வந்துரும். அரை மணி நேர வேலை."

எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வேலை நேரம், எடுக்கவில்லை. வேலை தெரிந்தவர் சொல்லும்போது நாம் என்ன பேசுவது என்று காபி போடப் போய்விட்டேன்.

காபியோடு வந்தபோது, டிஸ்க் இரண்டும் புதுப் பெட்டிக்குள் போயிருந்தன. மகளுடைய லேப்டாப்பில் அந்தப் பெட்டி கேட்ட கேள்வி, இங்கிலீஷில் நாலு வரி. அவர் கை மவுஸில். எட்டிப் பார்த்தேன். முழுசாகப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் நடுவில் இருந்த ஒரு வார்த்தையை எங்கேயோ பார்த்திருக்கிறேன். மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த ரப்பர். அதன் மேல் இதே எழுத்துகள், கடைசியில் ஓர் 'ஆர்' கூட. எரேசர்!

"அண்ணே, அமுக்காதீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எல்லாப் பெட்டியும் இப்படித்தாங்க்கா கேக்கும். ஓகே குடுத்தாத்தான் வேலை நடக்கும்."

"எரேஸ்னு போட்டிருக்கே. அழிக்கறதுதானே அது?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். அப்புறம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வேற கம்பெனிப் பெட்டியா இருக்கும்போல. டிஸ்க்குல இருக்கறதை அழிச்சிட்டுத்தான் உள்ள விடும்" என்றார், மெதுவாக.

ஒரு தடவை வாய் திறந்ததும் மிச்சமும் தானாக வந்தது. "அண்ணே, நட்டது போக மிச்ச நாத்தை நாங்க தூக்கிப் போட மாட்டோம். வயல் மூலையில ஊனி வச்சிருப்போம். நட்டது பச்சை புடிச்ச பொறவுதான் அது வேணுமா வேணாமான்னு பாப்போம். இதுலயும் அப்படிச் செய்யலாமே. பழசு பழசாவே இருக்கட்டும். புது டிஸ்க் வாங்கியாரேன், அதுல காப்பி எடுப்போம்."

"டிஸ்க்கை நாத்தாவே ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார். ஆனால் டிஸ்க்குகளைக் கழற்றி, இருந்தபடியே பழைய பெட்டியில் மாட்டினார். எல்லாம் பத்திரமாகத் திறந்தது.

மறுநாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். அவர் வந்து மாட்டிக் காப்பியைத் தொடங்கிவைத்தார். மத்தியானம் கரண்ட் போய் பாதியில் நின்றுவிட்டது. போனில் வீட்டுக்காரர் சிரித்தார். "பழசுதான் அப்படியே இருக்கே, ஏன் பயப்படற? இன்வெர்ட்டர் பிளக்குல மாட்டிட்டு மறுபடி ஆரம்பி." அந்தத் தடவை ஆரம்பித்தது நான்தான். இரண்டு நாள் ஓடியது. களை எடுக்கப் போன இடத்திலிருந்தும் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போவேன். கடைசியில் இரண்டு பெட்டியிலும் போட்டோ, வீடியோ எண்ணிக்கை ஒன்றுபோல நின்றபோது, நல்ல மகசூல் கண்ட மாதிரி இருந்தது.

பொங்கலன்று, ஊர் வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரரோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம். மகளின் சைக்கிள் வீடியோவைத் தொட்டதும் ஓட ஆரம்பித்தது. "என்னடி இது, சாஞ்சு உக்காரக்கூட நேரம் குடுக்க மாட்டேங்குது" என்றார். அது முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

டவுன்காரர் ஒருநாள் போன் செய்தார். "அக்கா, இப்பல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் உங்க நாத்துக் கதையைச் சொல்லிட்டுத்தான் பெட்டியில கை வைக்கிறேன்."

பழைய பெட்டி அலமாரியில் இன்னும் இருக்கிறது. வங்கியிலோ ஆபீஸிலோ காகிதத்தை நீட்டி, "இங்க போடுங்கம்மா" என்று யாராவது அவசரப்படுத்தினால், முன்பு போல நான் தலையைக் குனிந்து கையெழுத்துப் போடுவதில்லை. "கொஞ்சம் இருங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறேன்.