சாராள் சொன்ன சாட்சி

சாராள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். காம்பைக் கிள்ளி, நாரை இழுத்துப் போட்டு, காயை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்த பிறகுதான் முறத்தில் வைக்கிறாள். முறத்தில் மூன்று கூறு: நீளம், நடுத்தரம், குட்டை. எல்லாமே இன்னும் சற்று நேரத்தில் ஒரே வாணலியில் பொரியலாகப் போகிற காய்தான். ஆனால் பதினேழு வருஷமாக ரோஜாத் தண்டுகளை நீளம் பார்த்துப் பிரித்த கை அது. சொன்னால் கேட்காது.

"பொரியலுக்கு எதுக்கும்மா கிரேடிங்? எக்ஸ்போர்ட்டா பண்ணப் போற?" என்று மகள் ஃபெபா வழக்கமாகக் கேட்பாள்.

"ஏன், வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குத்தான் நல்லதக் காட்டணுமா? நீ திங்கறதுன்னா மட்டமாப் போச்சா?" இது சாராளின் வழக்கமான பதில்.

இன்று ஃபெபா அதைக் கேட்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, நீல ஃபைலைப் பிரித்து வைத்துத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓசூரைத் தாண்டி பாகலூர் போகிற வழியில் இருக்கிறது சாராள் வேலை செய்யும் பூப்பண்ணை. காலை ஏழு மணிக்கு வேன் வரும். பேக்கிங் ஷெட்டில் குளிர் எலும்பைத் தொடும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலைக்கு மஃப்ளர். பத்து விரல் நுனிகளிலும், முள் குத்தாமலிருக்க, வெள்ளைப் பிளாஸ்திரி. தண்டை எடுப்பாள், அளவுப் பலகையில் வைப்பாள், மொட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். இருபது சேர்ந்தால் ஒரு கட்டு. புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்வது ஒன்றுதான்: "ஓரத்து இதழ்ல பொட்டு கருப்பு இருந்தாலும் தள்ளிடு. யாரும் பாக்க மாட்டாங்கன்னு உள்ள வெச்சிக் கட்டாத. அங்க பிரிக்கிறவன் கண்ணு மொதல்ல அதுலதான் விழும்." சாராக்கா கட்டிய பெட்டி திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் எல்லோரிடமும் சொல்வான். தள்ளிய பூக்களில் ஒரு கை அவளுக்கு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அது சபையின் பிரசங்க மேடைக்குப் போய்விடும்.

சபையில் அவளுக்கு வேறொரு பெயரும் இருக்கிறது: சாட்சி சொல்கிற அம்மா. ஃபெபாவுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சாராள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உம்முடைய ஊழியத்துக்குத் தருகிறேன்" என்று ஒப்புக்கொடுத்தாள். பிள்ளை அன்று மத்தியானம் தண்ணீர் கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிவருகிறாள். பெண்கள் கூட்டம், ஸ்தோத்திரப் பண்டிகை, பக்கத்து ஊர்ச் சபை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே கூட்டம் கண்ணைத் துடைக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முன் வரிசையில் ரிப்பன் கட்டிய ஃபெபா உட்கார்ந்திருப்பாள். பிறகு தாவணி போட்ட ஃபெபா. பிறகு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற ஃபெபா.

அந்த ஃபெபாதான் இப்போது மிஷனெரியாக ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்குப் போகிறாள். முதல் தவணை மூன்று வருஷம். அனுப்புகிற சங்கம் விசா மனுவுக்குக் கேட்ட தாள்களுக்காகத் தாயும் மகளும் இரண்டு மாதம் அலைந்தார்கள். போட்டோ ஸ்டூடியோவில் காது தெரியவில்லை என்று கொண்டையை அவிழ்த்துக் கட்டிவிட்டது சாராள்தான். மெடிக்கலுக்கும் ஊசிக்கும் கூடப் போனவளும் அவள்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா கன்னடமும் தமிழுமாக, "ஒள்ளே ஹுடுகி சார், நல்ல பொண்ணு, நிமிந்து பாத்து நடக்காது" என்று நற்சான்று கொடுத்தாள். அவர் போனதும் சாராள் பக்கம் திரும்பினாள்.

"ஒத்தைப் பொண்ணு தாயி. வீட்டுக்காரரும் இல்ல உனக்கு. பைபிள் சொல்ல இங்க ஜனமா இல்ல? எனக்குச் சொல்லட்டும், நான் கேக்கறேன்."

"நீயும் இருவது வருஷமா கேட்டுக்கினுதான் இருக்க. செவ்வாக்கெழமையானா மாரியம்மன் கோயிலுக்கும் போயிக்கினுதான் இருக்க," என்றாள் சாராள். இருவரும் சிரித்தார்கள். சாராள் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. பெற்றோர் சம்மதக் கடிதம் மட்டும் பாக்கி. கல்யாணமாகாத பெண் என்பதால் சங்கத்தார் அதைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். கணவர் ஐசக் இறந்து ஆறு வருஷமாகிறது. போட வேண்டியது ஒரே கையெழுத்து. முதல் நாள் கண்ணாடியை ஷெட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் பேனா எழுதவில்லை. மூன்றாம் நாள், "ஜெபம் பண்ணிட்டுப் போடறேன்டி" என்றாள். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. பத்து நாள் அப்படியே ஓடிப்போயிற்று.

ஒருவருக்கும் தெரியாத ஒன்று சாராளுக்குத் தெரியும். அன்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது அதுவல்ல. "இவ எனக்கு வேணும். யாருக்கும் தரமாட்டேன். உனக்குந்தான் தரமாட்டேன்" என்றுதான் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்காரி மாதிரி. பிள்ளை பிழைத்த மறுமாதம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவளுக்கு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உதவிக்கு வந்த பாஸ்டர் ஐயா, "ஊழியத்துக்குத் தர்றேன்னு ஒப்புக்குடுத்தீங்க, இல்லீங்களாம்மா?" என்று எடுத்துக்கொடுத்தார். சபை மொத்தமும் ஸ்தோத்திரம் என்றது. சாராள் தலையாட்டினாள். நூறு பேர் கண்ணீர் விடும்போது ஐயா சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் அதையே தன் வாயால் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் அது இன்னும் சுலபமாக இருந்தது. ஐசக் ஒரே ஒரு முறை, "நான் பக்கத்துலதான நின்னேன், அப்படியா சொன்ன?" என்று கேட்டார். "மனசுக்குள்ள சொன்னேன்," என்றாள். அவர் அப்புறம் கேட்கவில்லை.

இன்று பத்து மணிக்குள் ஃபைல் பெங்களூருவில் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபெபா தலைக்குக் குளித்து, ஈர முடியைத் துண்டில் சுற்றியிருக்கிறாள். கையில் ஒரு தாள். ஊழியத்துக்கு அழைப்பு வந்தது எப்படி என்று சங்கத்தார் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, இதக் கேளு. நீ ஆஸ்பத்திரியில சொன்னதத்தான் மொதல்ல எழுதியிருக்கேன். 'ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உம்முடைய ஊழியத்துக்குத் தருகிறேன்.' இதே வார்த்தைதானே?"

சாராள் ஒரு காயை எடுத்து நாரை இழுக்கிறாள்.

"ஒண்ணு ரெண்டு வார்த்தை மாறியிருந்தா சொல்லும்மா, திருத்திடறேன். பொய்யா எதுவும் போயிடக் கூடாது. கீழ நான் கையெழுத்துப் போடணும்." தாளை மடியில் வைத்துவிட்டு ஃபெபா சொல்கிறாள்: "நீ அன்னிக்கு அதச் சொன்னதாலதான் நான் போறேன். இல்லன்னா உன்ன ஒத்தையில விட்டுட்டுப் போற தைரியம் எனக்கு ஏது?"

அன்று சொன்னது அதுவல்ல என்று சொல்ல நாலு வார்த்தை போதும். பெண் இங்கேயே இருந்துவிடுவாள். துண்டை அவிழ்த்து முடியை உதறிவிட்டு, ஃபைலை பீரோவுக்கு மேல் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு லேபுக்குக் கிளம்புவாள். அப்புறம் எந்தக் கூட்டத்தில், யார் சாட்சி சொன்னாலும், அம்மா முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. சாராள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபைலை இழுக்கிறாள். சம்மதக் கடிதத்தை எடுத்து, கண்ணாடி இல்லாமலே, புள்ளிக் கோட்டின் மேல் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறாள்.

"அம்மா." ஃபெபாவின் குரல் இறங்கிவிடுகிறது. மடியிலிருந்த தாளை எடுத்து நீட்டுகிறாள். "வார்த்தை சரியான்னு நீ சொல்லவே இல்லயே. என்ன சொன்ன அன்னிக்கு? சொல்லு."

மறுபடியும் ஹாரன். சாராள் எழுந்திருக்கிறாள். நீளம், நடுத்தரம், குட்டை மூன்றையும் சேர்த்து வாரி ஒரே பாத்திரத்தில் கொட்டுகிறாள். மஃப்ளரை எடுத்துத் தலையில் கட்டி, காதை மூடி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள்.