யார் மேசையிலும் இல்லாத பெட்டி

எங்கள் எஸ்டேட் ஆபீசில் இடி கேட்டால் முதல் வேலை பிளக்குகளைப் பிடுங்குவதுதான். ஏற்காட்டு மின்னல் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரைக் கருக்கியிருக்கிறது. இடிச் சத்தம் வந்ததும் யார் பக்கத்தில் எது இருந்தாலும் பிடுங்கிவிடுவோம். மழை விட்டதும் அவரவர் மேசைக்கானதை அவரவர் மாட்டிக்கொள்வோம்.

போன வருஷம் அப்படி ஒரு மழை விட்ட சாயங்காலம் மேஸ்திரியம்மா, ஆபீசில் பதிவேடு எழுதும் ரைட்டரான என் மேசைப் பக்கம் வந்து நின்றார். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி அவர். நாற்பது தாண்டிய பிறகு பத்தாவது பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தார். மறுநாள் காலை சேலத்தில் முதல் பரீட்சை. கடைசி பஸ்ஸில் மலையிறங்கி அங்கே அக்கா வீட்டில் தங்கினால்தான் நேரத்துக்குப் போக முடியும். அவருடைய ஹால் டிக்கெட்டை மழைக்கு முன்பே என் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தேன். பிரிண்ட் கொடுத்தேன். வரவில்லை.

"ஏனுங்க ரைட்டரே, இந்த மிஷினும் உங்களாட்டம் வாயே தொறக்காதுங்களா?" என்றார்.

பிரிண்டரில் விளக்கு எரிந்தது, பேப்பரும் இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைக் கணக்கர், "எனக்கும் வரலீங்க. மழை பேஞ்சா டவர் போயிருதே, அதானுங்க" என்றார்.

நானும் தலையாட்டினேன். பிறகுதான் தோன்றியது: ஆபீசுக்குள்ளேயே ஓடும் ஒயருக்கு டவர் எதற்கு? பிரிண்டரின் பின்னாலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது பீரோவுக்குப் பின்னால், எல்லா ஒயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டியில் முடிந்தது. பெட்டியில் ஒரு விளக்குகூட இல்லை. பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. யார் மேசையிலும் இல்லாததால் யாரும் மாட்டவில்லை.

மாட்டினேன். பிரிண்டர் விழித்துக்கொண்டது. ஆனால் வந்தது மேனேஜரின் மாத ரிப்போர்ட். முடிந்ததும் அதுவே மறுபடி வந்தது. வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்.

மேல் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மேஸ்திரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

கூப்பிடாமல் மேனேஜர் அறைக்கு நான் போனதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கணக்கரைத்தான் அனுப்புவேன். அன்று நானே போய்க் கதவருகில் நின்றேன்.

"சார், உங்க ரிப்போர்ட்டக் கொஞ்சம் நிறுத்தணுங்க."

"எதுக்கு?"

"மேஸ்திரியம்மாவுக்கு நாளைக்குப் பரீட்சைங்க. பஸ் வந்துருச்சுங்க."

"அந்தம்மாவுக்கா? என்ன பரீட்சை?"

"பத்தாவதுங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே பண்ணுங்க" என்றார். குனிந்து, அவர் கம்ப்யூட்டரில் வரிசையில் நின்ற ரிப்போர்ட்டுகளை எல்லாம் அழித்தேன். "இத்தனை தடவையா கொடுத்தேன்?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் வெளியே வந்தபோது ஹால் டிக்கெட் பாதி வெளியே வந்திருந்தது. மேஸ்திரியம்மா அதை இழுக்காமல், கீழே இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார். முழுதாக விழுந்ததும் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு ஓடினார். கணக்கர் வாசலில் நின்று பஸ்ஸை மறித்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியம்மா ஏறி உட்கார்ந்த பிறகு, பின்னாலேயே வந்த என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "ரைட்டரே, பேனாவ ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க."

சட்டைப் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன்.

"நல்லா எழுதுங்களா?"

"எழுதுங்க," என்றேன்.

பஸ் நகர்ந்தது.