மேஹாமனிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் எவ்வளவு தூரம்?

எங்கள் ஊர் விமான நிலையத்தில் பலகையில் போட்டிருக்கும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாகக் காற்றைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் என்று இப்போது நான் சொல்வது ஆரணியை அல்ல, நார்வேயின் வடகோடியில் இருக்கும் மேஹாமனை. மீன் ஆலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி கிடையாது. நாள் நெருங்கியதும் ஹம்மர்ஃபெஸ்டுக்கு விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். என் மனைவி கவிதாவும் அப்படித்தான் போனாள். அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. "நீங்களாவது பக்கத்துல இருக்கணும்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஏறினாள்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய ஆரணிக்கும் சென்னைக்கும் உள்ள தூரம். நேராகப் பறந்தால் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. கேட்டதும் மாமனாருக்கு நிம்மதி. ஆரணிக்கும் சென்னைக்கும் லோடு வேன் ஓட்டுபவர் அவர். கவிதா பிறந்த அன்று கோயம்பேட்டில் சரக்கை இறக்கிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பி, குழந்தை அழுவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவர்.

"வலி எடுத்ததும் கெளம்புங்க மாப்ள, போதும். லீவ வீணாக்காதீங்க, கொழந்த பொறந்தப்புறம்தான் வேலை ஜாஸ்தி" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் என்பது பஸ்ஸில் போய் வந்து வளர்ந்தவர்களின் கணக்கு. ஆலையில் கூட வேலை செய்யும் ஆரில்ட் மட்டும், "இன்றைக்கே போய்விடு" என்றார். லீவு கேட்கத் தயங்குகிறேன் என்று நினைத்துத் தைரியம் சொல்கிறார் போலும் என்று, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வலி எடுத்த செய்தி வந்ததும் ஓடினேன். விமானமும் வந்தது. தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பனிக்காற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. சாலையையும் மூடியிருந்தார்கள். மற்ற பயணிகள் காபியை ஊற்றிக்கொண்டு கம்பளிப் பின்னலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மகள் பிறந்த செய்தியைப் போனில்தான் கேட்டேன். கவிதா என்னோடு பேசவில்லை.

மறுநாள் காற்று தணிந்து, போய்ச் சேர்ந்தேன். கவிதா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்த மருத்துவச்சி, "எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்கள்!" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. இந்தக் காற்றில் மறுநாளே வந்தவர்கள் குறைவு என்று மெய்யாகவே பாராட்டினாள்.

அதற்குள் போன் அடித்தது. "இன்னாங்க மாப்ள, முக்கா மணி நேரத் தொலைவுல இருந்துகினு இவ்ளோ லேட்டாவா வர்றது?" மாமனாரின் குரல் உடைந்திருந்தது.

அவர் சொன்னதும் நியாயம், மருத்துவச்சி சொன்னதும் நியாயம். மகளை ஏந்திக்கொண்டு கட்டிலருகே நின்றேன். கவிதாவின் இமை அசைந்தது. எந்த ஊர்க் கணக்கில் என்னைப் பார்க்கப் போகிறாளோ என்று பயமாக இருந்தது.