பவுடர் பேணி

விசுவமடுவில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் சுகிர்தனுக்கு லைட் என்றால் பைத்தியம். முதலில் ஒரு பிளாஷ் வாங்கினான். எடுத்த முகமெல்லாம் சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. பிறகு வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைக் குடை வாங்கினான். அதிலும் சாம்பல்தான். கடைசியில் துணி போர்த்த பெரிய லைட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தான். சாம்பல் அசையவில்லை.

"கமராவை மாத்தினால்தான் சரிவரும்" என்று அவன் புறப்பட்டபோது மனைவி தேனுகா மறித்தாள்.

"இஞ்சேருங்கோ, பிழை கமராவில இல்லை. கண்ணாடிக்கு முன்னால நீங்கள் வச்சிருக்கிற பவுடர் பேணியில. வாற சனமெல்லாம் அதை அப்பிப்போட்டெல்லோ வந்து இருக்குதுகள்!"

சுகிர்தன் அந்தத் தகரப் பேணியை எடுத்து ஒளித்தான். மறுநாள் துணுக்காயிலிருந்து வந்த கலியாணப் பொம்பிளை கமராவுக்கு முன்னால் கதிரையில் இருக்கவே மறுத்துவிட்டாள்.

"பவுடர் போடாமல் படமோ? நான் மாட்டன்."

அவன் உள்ளே போய்ப் பேணியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புதுப் பஞ்சோடு கொண்டுவந்து வைத்தான். மூடியின் ஓட்டைகளால் வாசம் மட்டும் வந்தது. அவள் பஞ்சில் தட்டி முகம் முழுக்க ஒற்றினாள், கண்ணாடியில் திருப்தியாகப் பார்த்தாள், வந்து இருந்தாள். பழைய குடை வெளிச்சத்திலேயே அவள் முகம் தன் சொந்த நிறத்தில் மினுங்கியது.

பேணி வெறுமை என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

போன கிழமை தங்கள் கலியாண நாளுக்குச் சோடியாகப் படம் எடுக்க, கமராவை ஸ்ராண்டில் பூட்டிய சுகிர்தன் நேரே கண்ணாடியடிக்குப் போனான். அந்த வெறும் பேணியைப் பஞ்சில் தட்டி, இரண்டு கன்னத்திலும் ஒற்றிக்கொண்டு வந்தான்.

"இப்பதான் வடிவு" என்றாள் தேனுகா.